திரையின் மேலே சின்னதாக ஒரு சாவி

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பாப்பாவுக்கு இதில் பாதி தெரியும். தம்பி அப்போது சேலத்தில் ஐ.டி.ஐ. விடுதியில் இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாயால் சொல்ல இரண்டு முறை முயன்று பார்த்தேன், வரவில்லை. பத்தாவது வரை படித்தவன் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பாப்பா கள்ளக்குறிச்சியில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம். தெரியாத நம்பரிலிருந்து அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "இன்னிக்கு பூரா லைப்ரரி பக்கமே இருந்த போல." அவ்வளவுதான். யாரோ கூடப் படிக்கிறவர்கள் விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். மறுவாரம் வேறு நம்பரிலிருந்து வந்தது. "சங்கராபுரம் பஸ் ஸ்டாண்ட்ல இருவது நிமிசம் இன்னா பண்ண?" அன்றைக்கு பஸ் தவறிப்போய் அவள் அங்கே இருபது நிமிடம்தான் நின்றிருந்தாள். அந்த நம்பரைத் தடுத்தால் இன்னொரு நம்பரிலிருந்து வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

உங்கள் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான போனு வாங்கிக் குடுத்தீங்க? இப்போ நீங்களே முழிச்சிகினு நில்லுங்க."

நான் செய்த முதல் காரியம் பாப்பாவை வீட்டில் நிறுத்தியதுதான். "கொஞ்ச நாளு வூட்லயே இரு. அவன் யார்னு பாக்கலாம்" என்றேன். அவள் அழவில்லை. மூன்றாவது நாள் மட்டும் சொன்னாள். "இன்னும் நாலு நாளு போவலன்னா பரீட்ச எழுத வுட மாட்டாங்கப்பா. அவன் பண்ண தப்புக்கு நான் ஏன் வூட்ல குந்திகினு இருக்கணும்?" நாலு நாளைக்குள் வழி கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நெட்டில் நாம் இருக்கிற இடத்தை மறைக்க வி.பி.என். என்று ஒன்று இருக்கிறது என அவளோடு படிக்கிற பெண் போனில் சொன்னாள். மறுநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு நானும் பாப்பாவும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் போட்டோம். அவள் எனக்கு விளங்குகிறபடி சொல்லிக்கொண்டே செய்தாள். நெட்டில் போகும்போது ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி இருக்குமாம். அந்த முகவரியைக் காட்டுகிற பக்கம் ஒன்றைத் திறந்தாள். நாங்கள் சங்கராபுரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அது சென்னை என்று காட்டியது.

"இன்னா பாப்பா, போடறதுக்கு முன்னாடியே ஊரு மாத்திக் காட்டுது?"

"செல் கம்பெனிக்காரன் சென்னை வழியா அனுப்பறான்ப்பா. சென்னைன்னு வந்தா நம்ப கூடாது. இந்த நம்பர எழுதி வெச்சிக்க. போட்டப்புறம் இது பூராவும் மாறணும். ஒண்ணு ரெண்டு மாறுனா பத்தாது."

எழுதிக்கொண்டேன். பிறகு வி.பி.என்.னை இயக்கினாள். திரையின் மேலே, மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சாவிப் படம் வந்தது. அதே பக்கத்தை மறுபடி திறந்தாள். நம்பர் முழுக்க வேறு. ஊர், சிங்கப்பூர்.

உங்கள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாஸ்போர்ட்டு கூட எடுக்காம பொண்ண சிங்கப்பூர் அனுப்பிட்டீங்களா? கூடவே போயி நாலு காசு சம்பாரிச்சினு வாங்க." பல நாளுக்குப் பிறகு அன்றுதான் மூவரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் அதிர்ந்தது. புது நம்பர். "நாலு நாளா வூட்டுலயே இருக்க. உடம்பு சரியில்லயா?"

சாவிப் படம் மேலே அப்படியே இருந்தது. பாப்பா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். உங்கள் அம்மா வந்து, பட்டப் பகலில், ஜன்னலைச் சாத்தினாள். வெளியே யாரும் இல்லை, எங்கள் முருங்கை மரமும் அதற்கு அப்பால் கரும்பும்தான்.

பாப்பா விடவில்லை. சிக்னல் போய்த் திரும்பி வரும்போது, சாவி வருவதற்குள் நாலைந்து விநாடி போன் திறந்தபடி இருக்குமாம், அதிலே கசியலாம் என்றாள். சாவி இல்லாமல் நெட்டே போகக் கூடாது என்கிற ஒரு பூட்டும் போன் செட்டிங்கில் இருக்கிறது, அதையும் போட்டுத் தந்தாள். "நாளைக்கி நான் மரவள்ளி ஏத்த வெள்ளிமலைக்குப் போறேன். உன் போன குடு. அங்க தான் வளைவுக்கு வளைவு சிக்னல் போயிப் போயி வரும்" என்றேன்.

அவள் போனை என் போனுக்குப் பக்கத்தில், நான் ஓட்டுகிற சரக்கு வண்டியின் முன்பலகையில் வைத்துக்கொண்டு போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே பனி இறங்கிவிட்டது. காலை பத்து மணி, முன்விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. சிக்னல் போனது, சாவி மறைந்தது. சிக்னல் வந்தது, சாவி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பார்த்துக்கொண்டே ஏறினேன். கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். அவள் போனில் அந்த முகவரிப் பக்கத்தைத் திறந்தேன். சிங்கப்பூர். முந்தின நாள் எழுதிய நம்பரோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு எண்ணும் சேரவில்லை. பாப்பா சொல்லிக்கொடுத்த எல்லாமே சரியாக இருந்தது.

அப்போது அது அதிர்ந்தது.

"மலைக்கு எதுக்கு வந்த? தனியாவா?"

இறங்கினேன். ரோட்டில் முன்னால் பத்தடி தெரிந்தது, பின்னால் பத்தடி தெரிந்தது. ஒரு வண்டிச் சத்தம் இல்லை. மரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும், யாரோ நிதானமாக நடந்து வருவது போல. "யார்ரா அது?" என்று கத்தினேன். என் குரல் பனிக்குள்ளே போனது, திரும்பி வரவில்லை.

திரும்பி வண்டியில் ஏறும்போதுதான் ஒன்று உறைத்தது. லுங்கி கட்டி, மீசையும் தொப்பையுமாக நிற்கிற என்னைப் பார்த்தவன் எவனும் அப்படிக் கேட்க மாட்டான். அவன் பார்க்கவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் உடுத்தியிருந்த நிறத்தைச் சொன்னதில்லை. எங்கே, எவ்வளவு நேரம், அது மட்டும்தான் சொல்லியிருந்தான்.

எங்கே, எவ்வளவு நேரம். அதை வேறு ஒருவனும் தினம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாப்பா, உனக்குத் தெரியாத பாதி இங்கே தொடங்குகிறது. நீ கல்லூரியில் சேர்ந்தபோது போன் வாங்கின கடையில், நீ போனுக்கு உறை பார்த்துக்கொண்டிருந்த நேரம், நான் கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "பொண்ணு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியற மாதிரி எதனா பண்ணிக் குடுப்பா." "அதுக்கு இன்னாண்ணே, ரெண்டு நிமிசம்" என்றார் அவர். உனக்கு மெயில் ஐ.டி. போட்டதும் அவர்தான், பாஸ்வேர்டு வைத்ததும் அவர்தான். நமக்கு எல்லாம் கடையில்தானே போட்டுத் தருகிறார்கள். அன்றிலிருந்து சரக்கு ஏற்றும் இடத்தில், டீக்கடையில், என் போனில் மேப்பைத் திறந்து நீ நிற்கிற புள்ளியைப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. அப்பா பார்ப்பது வேறு, அவன் பார்ப்பது வேறு என்று நினைத்திருந்தேன்.

அந்த வளைவில் நின்று என் போனில் அந்த மேப்பைத் திறந்தேன். உன் புள்ளி கரியாலூர் ரோட்டில், என் புள்ளியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. சிங்கப்பூருக்கு அது போகவே இல்லை. வி.பி.என். சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது, போகிற வழியை மறைத்தது. சரக்கைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியாகிவிட்டது, ஆனால் வண்டியில் இருக்கிறவனே நிமிடத்துக்கு ஒரு தரம் போன் போட்டு நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்படி வைத்தவன் நான்.

வீட்டுக்கு வந்து, "அந்தக் கடக்காரன் போட்ட மெயில பாரு பாப்பா" என்று மட்டும் சொன்னேன். நீ திறந்தாய். உன் கணக்கு உன் போனில் மட்டும் இல்லை, வேறு ஒரு போனிலும் திறந்திருந்தது. கடைசியாகத் திறந்தது பன்னிரண்டு நிமிடம் முன்பு என்று இருந்தது. அந்த மெயிலைத் திறந்து வைத்திருக்கிறவனுக்கும் உன் புள்ளி தெரியும். அதற்குக் கீழே உன் இடத்தைப் பார்க்க அனுமதி உள்ளவர் என்று இன்னொரு பெயர்.

"ப்பா, இது உன் மெயில் மாதிரி கீது?"

"அவன் தான் எதனா போட்டிருப்பான்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டாய்.

மறுநாள் கடைக்குப் போனேன். மேசை மேல் நீளமான நோட்டு ஒன்று திறந்தே கிடந்தது. பெயர், போன் நம்பர், மெயில், பாஸ்வேர்டு. நம் பக்கத்து ஊர்ப் பெண்கள் பெயர்களாகப் பக்கம் பக்கமாக இருந்தன. ரீசார்ஜுக்கு வந்த யாரோ அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே. மறந்துடறாங்கன்னு எழுதி வெக்கறது. யார் யாரோ பொரட்டறாங்க" என்றார் கடைக்காரர். அவரா, புரட்டியவர்களில் ஒருவரா, இன்று வரை எனக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த நம்பர்கள் எல்லாம் அணைந்துபோயின. சில நாள் டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவர் போனை எடுத்தால், முகத்தைப் பார்ப்பேன்.

அவன் பரீட்சையைப் பறிக்கவில்லை, நீ சொன்ன நாலு நாள் கெடு முடிவதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டாய். போகும் முன் புது மெயிலுக்கு நீயே பாஸ்வேர்டு வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து என் சட்டைப் பையில் போட்டாய். "மறந்துட்டன்னா கேப்பன். உன்கிட்டயே இருக்கட்டும்ப்பா."

ஒரு வாரம் அது என் பையில் இருந்தது. மேப்பைத் திறந்தால் நீ இல்லை, நான் மட்டும் ஒரு புள்ளி. அந்தப் பாஸ்வேர்டைப் போட்டால் உன் புள்ளி மறுபடி தெரியும். விரல் இரண்டு மூன்று தடவை பைக்குள் போய் வந்தது.

அடுத்த லோடுக்குப் போனபோது அதே வளைவில் வண்டியை நிறுத்தினேன். சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்ற வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். காகிதத்தைப் பிரிக்காமல் ஒரு முனையில் கொளுத்தி, விரல் சுடும் வரை பிடித்திருந்து, ஈர ரோட்டில் போட்டு மிதித்தேன்.