காணாமல் போன எட்டு மைல்

மணிக்கு அறுபத்திரண்டு மைல் போய்க்கொண்டிருந்த படகு, ஐம்பத்து நாலுக்கு மேல் ஒரு மைல்கூடப் போக மாட்டேன் என்றது. அந்த எட்டு மைல் எங்கே போனது என்று கண்டுபிடித்தவர் என் தங்கை புருஷன். கண்டுபிடித்ததற்குக் கிடைத்த பரிசு, வேலை போனது. வேறு யாராவது இதை எழுதினால் அவரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். நான் எழுதினால் என்னையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் அவருக்கு 'மீட்டர்' என்று பேர். என்ஜின் மெக்கானிக். "சார், படகு முன்ன மாதிரி இழுக்கல" என்று யாராவது வந்தால், "முன்னன்னா எவ்ளோ? இப்ப எவ்ளோ?" என்பார். வந்தவன் திருதிருவென்று முழிப்பான். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுப்பார். எல்லாப் படகின் ஜாதகமும் அதில் இருக்கும். என்ன வேகம், என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, அன்றைக்குக் காற்று எப்படி, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், படகில் ஏறியவர்களின் எடை உட்பட. ஒருமுறை முதலாளியிடமே எடையைக் கேட்டுவிட்டார். அந்த மனுஷன் இரண்டு நாள் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டு ஏரியில் ஓட்டிப் பார்ப்பார், எழுதிக்கொள்வார், அடுத்ததைத் தொடுவார். "ரெண்ட ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாமப் போயிடும் மச்சான்" என்பார். ஒரு நாள் வேலையை நாலு நாள் இழுக்கிறாரே என்று எங்கள் எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனால் அவர் கை பட்டுப் போன படகு அதே கோளாறோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

என்னை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என் மரக்கடை படுத்துவிட்டது. ஒரு வருஷம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் வந்து கையைப் பிடித்து முதலாளி முன்னால் நிறுத்தினார். "மரவேலை, ஃபைபர் வேலை ரெண்டும் தெரியும் சார். இவருக்கு நான் பொறுப்பு" என்றார். அன்று முதல் படகின் உடம்பும், படகை ஏற்றி வைக்கும் டிரெய்லரும் என் பொறுப்பு. என்ஜின் அவருடையது.

எட்டு மைலைத் தொலைத்த படகு ஒரு பல் டாக்டருடையது. பந்தயப் படகு. ஏரியில் வருஷா வருஷம் நடக்கும் போட்டிக்காகவே வாங்கியது. மாப்பிள்ளை அதன் என்ஜினை முழுக்கப் பிரித்துச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, அறுபத்திரண்டு என்று நோட்டில் எழுதினார். டாக்டர் அப்போது வெளியூரில். ஐந்து மாதம் படகு எங்கள் ஷெட்டில் டிரெய்லர் மேலேயே கிடந்தது.

டிரெய்லரில் படகின் அடிப்பக்கத்தைத் தாங்க இரண்டு நீளப் பலகைகள் இருக்கும். அவை உளுத்துப் போயிருந்தன. மாற்றியது நான். கையில் இருந்த பலகை இரண்டடி குட்டை. சரியான நீளத்துக்கு மரக்கிடங்கு வரை போக வேண்டும். சனிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரம். 'உட்கார்ந்தா போதாதா' என்று அதையே போட்டு, மேலே கார்ப்பெட் சுற்றி ஆணி அடித்தேன். படகின் பின்பக்கம் இரண்டடி அந்தரத்தில் நின்றது. அந்த முனையில்தான் அவ்வளவு கனமான என்ஜினும் தொங்குகிறது. முதலாளி அந்த வழியாக வந்தார், குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது டாக்டர் வந்து படகை எடுத்தார். ஐம்பத்து நாலு. கரைக்கு வந்ததும் குதித்தார். "என்ஜினப் பிரிச்சது யாரு?" என்றார். முதலாளி கையை நீட்டி மாப்பிள்ளையைக் காட்டினார்.

மாப்பிள்ளை அலட்டிக்கொள்ளவில்லை. தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நோட்டைப் பார்த்தார். ஐயாயிரத்து எண்ணூறு சுற்று போன என்ஜின் இப்போது ஐயாயிரத்து நானூறைத் தாண்டவில்லை. "ஒண்ணு, என்ஜின் தளர்ந்திருக்கணும். இல்ல, தண்ணி எங்கயோ புடிச்சு இழுக்கணும்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் போனார். ஆறு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார், ஆறும் ஒன்றுபோல் இருந்தன. ஆக்சிலேட்டர் கேபிள் முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தார், திறந்தது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றி ஓட்டினார், ஐம்பத்து நாலு. நல்ல படகிலிருந்து புரொப்பெல்லரைக் கழற்றி இதில் மாட்டி ஓட்டினார், ஐம்பத்து நாலு. உள்ளே தண்ணீர் ஊறி கனம் ஏறிவிட்டதோ என்று படகையே எடை போட்டார், ஏறவில்லை. பன்னிரண்டு நாள் ஆனது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

பதின்மூன்றாம் நாள் படகைக் கயிற்றில் தூக்கித் தொங்கவிட்டு, ஆறடி இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்தார். "மச்சான், இங்க வாங்க" என்றார். நானும் படுத்தேன். பின்பக்கத்தில் சட்டத்தை நீளவாக்கில் வைத்து அழுத்திப் பிடித்தார். இரண்டு முனையும் ஒட்டியது. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கால் அங்குலம்.

"பின்னாடி கீழ தொங்கிடுச்சு" என்றார். "ஓடும்போது இந்த வளைவு மூக்கத் தண்ணியில அமுக்குது. என்ஜின் பாவம், மாரடிக்குது." அப்புறம் தலையைத் திருப்பி டிரெய்லரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்களே முதலாளிகிட்ட சொல்லிடுங்க மச்சான். நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். சனிக்கிழமை டாக்டர் வர்றாரு. அதுக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் மாப்ள" என்றேன்.

சொன்னேனா? வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மரக்கிடங்குக்கு ஓடினேன். அன்றைக்கு மட்டும் தூரம் தெரியவில்லை, பாருங்கள். முழு நீளப் பலகை வாங்கி வந்து மாற்றி, பழைய கார்ப்பெட்டோடு அழுக்குக் கார்ப்பெட் துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டு, புது மரம் தெரியாமல் சுற்றி அடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்தது கிடையாது.

சனிக்கிழமை மாப்பிள்ளை டாக்டருக்கும் முதலாளிக்கும் சட்டத்தை வைத்துக் காட்டினார். "என்ஜின்ல ஒண்ணும் இல்ல சார். அடி வளைஞ்சிருக்கு. தாங்கற பலகை பத்தாம உட்கார்ந்திருக்கு" என்றார். என் பேரை எடுக்கவில்லை.

முதலாளி குனிந்து பார்த்தார். "பலகை கடைசி வரைக்கும் இருக்கேப்பா. எப்படி வளையும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பலகை எப்பவும் இப்படித்தான இருந்துச்சு?"

"ஆமா சார்" என்றேன்.

மாப்பிள்ளை அந்தக் கார்ப்பெட்டைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், ஆணியைப் பிடுங்கினால் புது மரம் பல்லிளித்திருக்கும். பேசவில்லை. டாக்டர்தான் பேசினார். தன் தப்பை மறைக்கப் படகைக் குறை சொல்கிறான் என்றார், ஏமாற்றுக்காரன் என்றார். மதியத்துக்குள் மாப்பிள்ளை தன் ஸ்பேனர் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த அடிப்பக்கத்தை நிரவி நேராக்கிடு. யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப அவரு சொன்னது நிஜம்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நீ குட்டைப் பலகை போட்டதத்தான் நானே பார்த்தேனே. நம்ம ஷெட்ல வளைஞ்சுதுன்னு தெரிஞ்சா டாக்டர் புதுப் படகு கேப்பாருய்யா. என்ஜின் கோளாறுன்னா ஒரு மெக்கானிக் போனா முடிஞ்சுது. போ, வேலையப் பாரு."

அடப்பாவி என்று நினைத்தேன். மனசுக்குள்தான் நினைத்தேன். வெளியே தலையாட்டிவிட்டுப் போய், பள்ளத்தில் ரெசின் பசை பூசி, காய வைத்து, நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி நாலு நாள் தேய்த்தேன்.

அந்த ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் பிரிந்து கிடந்தது. இவரை ஏமாற்றுக்காரன் என்று டாக்டர் தன் படகு கிளப் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாராம். ஏரியைச் சுற்றி இருக்கிற எந்தப் பட்டறையிலும் இவரை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். தங்கை என்னை அடுப்படிக்குள் இழுத்து, "அண்ணா, இவரு எப்படிண்ணா இப்படித் தப்பு பண்ணாரு? கண்ணு கிண்ணு மங்கிடுச்சா? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. நீ கொஞ்சம் நல்ல டாக்டரா பார்த்துக் காட்டுண்ணா" என்றாள். கண்ணில் தண்ணீர். கட்டினவளிடம்கூட என் பேரைச் சொல்லவில்லை அந்த மனுஷன். நானும் சொல்லவில்லை. பார்க்கலாம்மா என்றேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

தெருமுனை வரை கூடவே வந்தார். முதலாளி சொன்னதை எல்லாம் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"அந்த வேலை எனக்கு வேணாம் மச்சான்" என்றார். "டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என்ஜின் நல்லாத்தான் இருந்துச்சுன்னு. பலகை, அது இதுன்னு ஒண்ணும் வேணாம், உங்க பேரும் வேணாம். என்ஜின் நல்லா இருந்துச்சு, அவ்ளோதான். அவரு வாயால அத கிளப்ல சொன்னா எனக்கு எங்கயாவது கதவு திறக்கும்."

"சத்தியமா சொல்றேன் மாப்ள."

போட்டிக்கு நாலு நாள் முன்னால் டாக்டர் வந்து படகை ஓட்டினார். புது மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டியிருந்தான், அவ்வளவுதான். மாப்பிள்ளை கட்டிய அதே என்ஜின். அறுபத்திரண்டு! டாக்டர் சிறு பிள்ளை மாதிரி கரையில் குதித்து இறங்கி, புது மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தார். முதலாளிக்குக் கை கொடுத்தார். என்னிடம் வந்து, "பழைய ஆளு என்னதான்யா பண்ணி வச்சிருந்தான்?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு நின்றார். என் பதிலுக்காக நின்றார். முதலாளி அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு சார் தெரியும்" என்று சிரித்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை போன் பண்ணினார். ஏரிப்பக்கம் யாரோ படகு நன்றாக ஓடியதாகச் சொன்னார்களாம். சந்தோஷமாக இருந்தார். "டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா மச்சான்?" என்றார்.

"சொல்லிட்டேன் மாப்ள."

"அப்ப நாளைக்குக் காலையில அக்கரைப் பட்டறையில போய் வேலை கேட்டுப் பாக்கறேன்" என்றார். "நீங்க நல்லா இருக்கணும் மச்சான்."