தாலி கட்டும்போது தலைகீழ்

இன்று நீடாமங்கலத்தில் அக்கா மகள் கல்யாணம். வீடியோ எடுத்தது நான்.

என் கேம்கார்டரில் அடாப்டர் என்ற இணைப்புக் குழாயை வைத்துப் பழைய லென்ஸை மாட்டினால் படம் தலைகீழாக விழும். திரையின் கீல் ஓரம் ஒரு காந்தம் ஒட்டினால், திரையைத் திருப்பிவிட்டதாகக் கேமரா ஏமாந்து, படம் நிமிர்ந்து தெரியும். காந்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கெட்டிமேளம் நெருங்க நெருங்க அகப்பட்ட பையையெல்லாம் துழாவினேன். கடைசியில் மனைவியின் கைப்பை மூடியிலிருந்த காந்தம் காப்பாற்றியது.

ஆனால் நிமிர்வது திரை மட்டும்தான். பதிவைக் கம்ப்யூட்டரில்தான் திருப்ப வேண்டும். அதைச் சொல்வதற்குள் அத்தான் மெமரி கார்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நிச்சயதார்த்தத்துக்கே வராத ஆளு நீங்க. இதையாவது உடனே குடுங்க மச்சான், துபாய்ல என் தம்பி காத்திருக்கான்."

அழைத்திருந்தால்தானே வருவதற்கு!

படம் துபாய்க்குப் போய்விட்டது. இப்போது பந்தியில் எனக்கு எதிரே அத்தான். அவர் போன் அடிக்கிறது.

பாயசம் வரும்வரை உட்காரலாமா, இப்போதே எழுந்துவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.