குலதெய்வத்தின் பெயரில் ஒரு கோப்பு

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் அச்சகத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை. மற்ற கம்பெனிக்காரன் படத்தைத் திருடிவிடுவான் என்று, வீணான தாளைக்கூட நாலாகக் கிழித்த பிறகே வெளியே அனுப்புவார்கள். நாளிதழின் செய்தி மேசையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன் நான். சந்தேகம் எனக்குப் புதிதல்ல; அங்கே அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு, படங்கள் அனைத்தையும் ஒரே சுருக்கக் கோப்பாக்கி இணையதளத்திலும் வைப்பது என்று முடிவானது. வெளியூர் ஏஜென்ட்டுகள் இருந்த இடத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. பெயர் ‘ஜிப்’ என்று முடிந்தால் எவனும் திறந்துவிடுவான் என்றார். புள்ளிக்குப் பிறகு வரும் அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட்டு, தன் குலதெய்வத்தின் பெயரிலிருந்து மூன்று ஆங்கில எழுத்துகளை வைக்கச் சொன்னார்.

“பாஸ்வேர்டு போட்டாப் போதாதா முதலாளி?” என்று கேட்டேன்.

“பூட்டை உடைக்கிறவன் இருக்கான். சாமி மேல கை வைக்கிறவன் இருக்கானா?”

படங்களை வடிவமைத்த பெண் பெயரை மாற்றிக் கொடுத்தார். நான் சர்வரில் ஏற்றினேன். இறக்கிய பிறகு அந்த மூன்று எழுத்தை ‘ஜிப்’ என்று திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஏஜென்ட்டுகளுக்குப் போனில் மட்டும் சொன்னோம்.

ஆடிப்பெருக்கு காலை, பூஜை முடிந்த கையோடு சாத்தூர் ஏஜென்ட் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, முருகன் படம் கேட்டா எறும்புக் கூட்டத்தை அனுப்பியிருக்கீக. ஸ்கிரீன் பூராம் கட்டம் கட்டமா ஓடுது. எங்க கண்ணைக் கட்டவா மந்திரம் போட்டு வச்சிருக்கீக?”

அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள். முதலாளி என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“அந்தப் பிள்ளையோட அண்ணன் எங்கன வேலை பாக்கான்?”

எதிர்த் தெரு அச்சகத்தில். அது அவருக்கே தெரியும்.

“சாயங்காலத்துக்குள்ள அவளை அனுப்பிரணும். அதுக்கு முன்னாடி அவ கம்ப்யூட்டரை நல்லாப் பாரு.”

எனக்கும் சந்தேகம் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. கோப்பைக் கடைசியாகத் தயாரித்தவர் அந்தப் பெண். முந்தைய நாள் அரைநாள் விடுப்பில் போயிருந்தார். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஒரு பொய் தானாக வந்து உட்காரும் என்பதைச் செய்தி மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். இருந்தும் அவரிடம் போய் நின்றேன்.

அவருடைய கம்ப்யூட்டரில் கோப்பு ஒழுங்காகத் திறந்தது. எல்லாப் படங்களும் இருந்தன.

“நான் கெடுத்திருந்தா இங்கன எப்படி சார் திறக்கும்?”

“ஒங்களுக்கு ஒண்ணு, எனக்குக் குடுக்க ஒண்ணுன்னு ரெண்டு பண்ணியிருக்கலாம்.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அப்ப நீங்க ஏத்துனதையும் எடுத்துப் பாருங்க. நான் இங்கனதான் நிக்கேன்.”

எடுத்துப் பார்த்தேன். இரண்டும் கடைசி பைட் வரை ஒன்றே. அதன் பிறகுதான், கோப்பை அனுப்பும்போது சர்வர் அதை என்னவென்று சொல்லி அனுப்புகிறது என்று பார்த்தேன். சர்வர் கோப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பெயரின் கடைசி எழுத்துகளை ஒரு பட்டியலில் தேடி, இது படம், இது சுருக்கக் கோப்பு என்று பிரவுசரிடம் சொல்கிறது. பிரவுசர் அதை அப்படியே நம்புகிறது. ஜிப் பட்டியலில் இருந்தது. முதலாளியின் குலதெய்வம் இல்லை. பட்டியலில் இல்லாதது எதுவானாலும் வெறும் எழுத்து என்று சொல்லி அனுப்பும்படி முந்தைய ஆண்டு அமைத்திருந்தவன் நான். அதனால்தான் பிரவுசர் கோப்பை இறக்காமல், படிக்கிற எழுத்து என்று நினைத்துத் திரையில் கொட்டியிருந்தது. பெயரை மாற்றிய அன்றே பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

சேர்த்தேன். சர்வரை நிறுத்தித் தொடங்கிவிட்டுச் சாத்தூருக்குப் போன் செய்தேன்.

“இறங்கிருச்சு அண்ணாச்சி. பேரை மாத்தித் திறந்துட்டேன். முருகன் வந்துட்டாரு, மயிலைத்தான் இன்னும் காணோம். இருங்க... அதுவும் வந்துருச்சு.”

முதலாளியிடம் போய், “சர்வர்ல ஒரு சின்னக் கோளாறு, சரியாயிருச்சு” என்றேன்.

“தானா வந்ததா, வர வச்சதா?” என்றார். “எதுக்கும் அவ வேண்டாம்.”

வெளியே வந்தபோது அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“உள்ள என்னன்னு சொன்னீக?”

“சர்வர் கோளாறுன்னு.”

“சர்வரைப் பாக்கிறது யாரு சார்?”

திரும்பவும் உள்ளே போனேன். அந்த ஒரு வரியை எழுத வேண்டியவன் நான், எழுதவில்லை என்று சொன்னேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவளுக்காக ஏன் இம்புட்டுப் பரிஞ்சு பேசுறே? ஒனக்கும் அவ அண்ணனுக்கும் பழக்கமா?”

சர்வரின் பதிவைத் திறந்து காட்டினேன். மாற்றம் நடந்த ஒவ்வொரு நாளின் எதிரேயும் என் பெயர்தான் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வரி வரியாகப் படித்தார். வேறு பெயர் தட்டுப்படுகிறதா என்று தேடினார் என்றே நினைக்கிறேன்.

“சரி, அவ இருக்கட்டும்,” என்றார். “இனிமே நீ எதை ஏத்துனாலும் பக்கத்துல உக்காந்து அவ பாக்கட்டும்.”

மறுநாள் காலை அந்தப் பெண் தன் நாற்காலியை இழுத்துவந்து என் மேசையருகே போட்டுக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“எழுதுங்க சார்,” என்றார். “பாக்கேன்.”