தெளிய வைத்த தண்ணீர்

ராஜபாளையம் டீக்கடையில் இன்று வைத்த கண்ணாடித் தம்ளரையும் குடிக்குமுன் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, அய்யனார் கோவில் மலையடியில் எங்கள் மாந்தோப்புக்காக அப்பா கட்டிய மண் அணையும், அதன் கீழே தோப்பு வேலைக்காரர்களின் ஏழு வீடுகளும் ஒரே மத்தியானத்தில் தண்ணீரோடு போய்விட்டன. அணைக்கரையின் அடியில், சேம்பிலைகளுக்கு நடுவே, சில்லென்று ஓயாமல் கசியும் நீரைத் தம்ளரில் பிடித்து வருவது தினமும் காலையில் என் வேலை. அப்பா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"தெளிவா வந்தா கரை நிக்கும்ட்டி. மண்ணை அரிச்சுட்டு வந்தாத்தான் மோசம்."

மூன்று நாள் அடைமழை விட்ட அந்த நாள் காலையில், தம்ளரில் செம்மண் நிறமாக வந்தது. என் கால் பட்டுத்தான் கலங்கியது என்று நினைத்து, அப்பா வைவாரே என்று பயந்து, வீட்டில் அம்மா குடிதண்ணீருக்குச் செய்வதுபோல் செத்த நேரம் கல்மேல் வைத்துத் தெளியவிட்டு, மண்டியைக் கொட்டிவிட்டு, மேல்நீரை மட்டும் கொண்டுபோனேன்.

"கண்ணாடியாட்டம் இருக்கு. யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம்னு சொல்லிட்டு வா" என்றார்.

ஏழு வீட்டுக்கும் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.