திண்டிவனம் போய்வந்த கேபிள்

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தெருவில் பாதிப் பேர் அதை டிவி என்றே நினைத்துக்கொண்டு, ஒளியும் ஒலியும் பார்க்கலாமா என்று எட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அங்கே புதிய மெஷின் வந்ததும் முதலாளி பழையதை இவனிடம் கொடுத்து, வீட்டிலேயே ஒரு கிளாஸ் ஆரம்பி, பத்துப் பேர் சேர்ந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்துவிடு என்று சொல்லியிருந்தார்.

நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அந்த கீபோர்டைப் பார்த்தாலே விரல் துறுதுறு என்று இருக்கும். ஆனால் மகாராஜா மாதிரி என் அண்ணன் என்ன செய்வான் தெரியுமா? திரையையும் பெட்டியையும் சேர்க்கிற கேபிளைத் தினமும் காலையில் இரண்டு பக்கமும் பிடுங்குவான். இஸ்திரிப் பெட்டி ஒயரைச் சுற்றுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, பையில் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் திணித்துக்கொண்டு பாசஞ்சர் ஏறிவிடுவான். நான் தொட்டால் கெட்டுவிடுமாம். அம்மாவே ஒருநாள், வைக்கோல்போர் நாய் மாதிரி தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாமல் இது என்ன புத்தி என்று கேட்டுவிட்டாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பெற்றோர்கள் மெஷினைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கேபிளைச் செருகி ஆன் செய்தான். பச்சை எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் கோடு கோடாகக் கிழிந்து ஓடியது. தட்டினான், குலுக்கினான், ஊதினான். அவன் கை பிளக்கை ஒட்டிய கேபிளின் கழுத்தில் பட்டபோது ஒரு நொடி எழுத்துகள் நேராக நின்றதை நான் பார்த்தேன். சொன்னேன். உனக்கு என்ன தெரியும் என்றான்.

"பிக்சர் டியூப்பே பூட்ச்சி. நாளைக்கு சாயங்காலம் வண்டி எடுத்துக்கினு வர்றேன். தூக்கிக்கினு போயி குடுத்துட வேண்டியதுதான்."

அது திண்டிவனம் போனால் என் ஜென்மத்தில் ஒரு கம்ப்யூட்டரைத் தொடப்போவதில்லை. ராத்திரி முழுக்க அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை காலை அவன் போன பிறகு முன்னறையைப் பெருக்கப் போனேன். கேபிள் மேசை மேலேயே கிடந்தது! செத்த மெஷினுக்கு எதற்குக் காவல் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். விளக்குமாறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பிளக்கின் மூடியில் இரண்டு ஸ்குரூ. கழற்றினால் உள்ளே ஐந்து ஒயர், ஐந்து நிறம். எந்த நிறம் எந்தப் பின் ஊசிக்குப் போகிறது என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்துகொண்டேன். டார்ச்சைப் பிரித்து பேட்டரி, பல்பு, ஒரு துண்டு ஒயர் எடுத்தேன். ஒயரின் இந்த நுனியிலும் அந்த நுனியிலும் வைத்தால் பல்பு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தது. பச்சை எரிந்தது. கறுப்பு, வெள்ளை, எரிந்தன. மஞ்சள் எரியவில்லை. கழுத்தை வளைத்தேன், மினுக்கென்று எரிந்து அணைந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"இன்னாடி பண்ற? அவன் வந்தான்னா உன்னக் கொன்னுடுவான்."

"அது ஏற்கெனவே செத்துப்போச்சின்னுதான சொல்றான்? செத்தத நா இன்னா பண்ணிடப் போறேன்? இத புடிம்மா."

அண்ணனின் சவர பிளேடாலேயே கேபிளின் கழுத்தை இரண்டு விரல்கடை அறுத்து எறிந்தேன். அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அவன் ரேடியோ நோண்டுகிற சால்டரிங் அயர்ன் டிரங்குப் பெட்டியில் இருந்தது. முதலில் ஊக்குகளின் மேல் ஈயத்தை வைத்துப் பழகினேன். பிறகு அம்மா துணிக் கிளிப்பால் ஒவ்வொரு ஒயராகப் பிடிக்க, நான் பற்றவைத்தேன். புகை வந்ததும் அம்மா, சாம்பிராணி மாதிரி நல்லாத்தான் இருக்கு என்றாள். அப்போதே அவள் என் கட்சிக்கு வந்துவிட்டாள்.

மறுபடி பல்பு வைத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் இடம் மாறி இருந்தன. தலையில் அடித்துக்கொண்டேன். அந்த இரண்டை மட்டும் முன்பக்கம் பார்த்து வரைந்துவிட்டுப் பின்பக்கம் பற்றவைத்தால் இடம் வலமாகத்தானே போகும்? மணி மூன்று ஆகியிருந்தது. இரண்டையும் உருக்கி எடுத்து மாற்றி வைத்தேன், விரலையும் சுட்டுக்கொண்டேன். இந்த முறை ஐந்துமே எரிந்தன.

அண்ணன் முதலில் எந்த ஃப்ளாப்பியைப் போடுவான் என்பதை இரண்டு மாதமாகக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். போட்டேன். ஆன் செய்தேன். திரை சூடேறுகிற வரை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மெல்ல மெல்லப் பச்சை எழுத்துகள் வந்தன, ஆடாமல் அசையாமல். டைப்ரைட்டிங்கில் முதல்நாள் அடித்த asdfgf-ஐ அடித்து என்டர் தட்டினேன். ‘பேட் கமாண்ட்’ என்று பதில் வந்தது. திட்டினாலும் பரவாயில்லை, என்னோடு பேசிவிட்டது! நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வாசலில் வேன் சத்தம் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. அண்ணன் டிரைவரோடு உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். திரையைப் பார்த்தான், கீபோர்டின் மேல் என் கையைப் பார்த்தான்.

"எந்த மெக்கானிக் வந்தான்?"

அம்மா கரண்டியால் என்னைக் காட்டினாள். அவன் நம்பவில்லை. நாள்காட்டித் தாளையும் அறுத்துப்போட்ட துண்டையும் அவன் கையில் வைத்தேன்.

"தெனம் புடுங்கி, சுத்தி, உன் தயிர்சாதத்தோட திண்டிவனம் போயி வந்துச்சே, அதுலதாண்ணா அறுந்துச்சு. இனிமே இத கழட்டினா மறுபடியும் அறுந்துடும்."

அவன் அந்தத் துண்டை வளைத்து வளைத்துப் பார்த்தான். பிறகு டிரைவரை அனுப்பிவைத்தான். மறுநாள் பெற்றோர்கள் வந்தபோது அவன் பேசினான், நான் அடித்துக் காட்டினேன். பதினோரு பேர் சேர்ந்தார்கள். வார நாளில் இவன் திண்டிவனத்தில் இருப்பானே, யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான்.

திங்கட்கிழமை காலை மேசைக்குப் போனான். பழக்கத்தில் கை கேபிளிடம் போயிற்று, நின்றது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். அன்று அவன் பையில் தயிர்சாதம் மட்டும்தான் போனது.