வெறும் பாத்திரம் கொடுக்கப் பழகியது

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் கஞ்சி குடித்தனர். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எழுபதுகளின் நடுவில், தென்காசியிலிருந்து மனைவி கோமதியோடு இங்கே குடிவந்த முதல் வாரத்தில் நான் கண்ட புதுமை இதுவே. மிளகு மண்டி ஒன்றில் தமிழ்க் கடிதங்கள் எழுதும் வேலை எனக்கு. இலக்கணம் முறையாகப் பயின்றவன் மிளகின் ஈரப்பதம் குறித்து எழுத நேர்ந்ததே என்னும் வருத்தம் எனக்கு இருந்ததில்லை. ஈரப்பதத்தையும் பிழையின்றி எழுதலாம். வேலை முடிந்து திரும்புகையில், வீடுதோறும் சன்னல் வழியே, பலாவிலையைக் கூம்பாக மடித்துக் கஞ்சி முகந்து குடிப்போரைக் கண்டேன். எங்கள் ஊரில் இரவில் கஞ்சி குடிப்பவர் நோயாளியாக இருப்பார். இல்லையேல் அரிசி போதாதவராக இருப்பார். ஒரு சந்து முழுவதும் அவ்வாறு இருக்க இயலாதென்று கருதி, அன்று ஏதோ விரதம் என முடிவுசெய்தேன். விரதம் மறுநாளும் தொடர்ந்தது.

மூன்றாம் நாள் கஞ்சி எங்கள் வீட்டுக்கும் வந்தது. அடுத்த வீட்டுச் சரோஜினி சேச்சி ஒரு தூக்குப்பாத்திரம் நிறையக் கஞ்சியும், அதன் மேல்தட்டில் சிறுபயறும், சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்தபடி போனார். கோமதி மூடியைத் திறந்து பார்த்தாள்.

“நம்ம மூஞ்சியில சீக்குன்னு எழுதி ஒட்டியிருக்கா? வந்து மூணு நாள்கூட ஆகல, அதுக்குள்ள கஞ்சி ஊத்துதாக.”

மறுத்து அனுப்புவது முறையன்று என்பதால் குடித்தோம். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கோமதி தன் ஊரின் முறையைக் காட்டினாள். நிறைந்து வந்த பாத்திரம் வெறுமையாய்ப் போகக்கூடாது; எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பியவளை மூன்று தெருவுக்குத் தெரியும். நெய் சொட்டச் சொட்டக் கேசரி கிண்டி, தூக்கு நிறைய அனுப்பினாள். கஞ்சிக்குக் கேசரி. அவமதிப்புக்கு இதைவிடக் கண்ணியமான மறுமொழி இருந்திருக்க முடியாது.

ஆனால் அவர்கள் அதை மறுமொழியாகக் கொள்ளவில்லை. எங்கள் இரு வீடுகளுக்கும் இடையே இருந்தது பலகைச் சுவர். சேச்சியின் கணவர் ராகவன் சேட்டன், வெலிங்டன் தீவில் கப்பலேறும் மூட்டைகளைக் குறிக்கும் எழுத்தர். நாள்தோறும் படகில் போய்வருபவர். ஒருநாள் அவர் வாசலில் என்னை நிறுத்தினார்.

“சாருடெ ஏம்பக்கம் ராத்திரி அவிடெ கேக்காம். எங்க வீட்ல கடிகாரம் வேண்டா, பத்துமணி ஆச்சுன்னு தெரியும்.”

என் ஏப்பத்துக்குக் காரணமாக, வத்தக்குழம்பும் பொரித்த அப்பளமும் எனக்குப் பல ஆண்டுகளாகத் தந்துவந்த நெஞ்செரிச்சலைச் சொன்னேன். அதற்குப்பின் செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் கஞ்சி வரலாயிற்று. நாங்கள் மீன் உண்ணாதவர்கள் என்று அறிந்த சேச்சி, எங்களுக்கென ஒரு மண்கலத்தைத் தனியே வைத்திருந்தார் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் கோமதி இனிப்புச் செய்தாள்: கேசரி, அதிரசம், பாசிப்பருப்புப் பாயசம். ஓராண்டில் என் நெஞ்செரிச்சல் நின்றது. இரவில் ஏப்பம் கேட்காததால் மணி தெரியவில்லை என்று சேட்டன் குறைப்பட்டுக்கொண்டார்.

இதை எழுதும் இந்த எண்பதுகளின் மாலையிலும் பலகைக்கு அப்பால் கஞ்சி கொதிக்கும் ஓசை கேட்கிறது. நல்ல உணவு, நல்ல அண்டைவீடு, நல்ல உடல்நலம் என்று ஊரிலிருந்து வாசிப்போர் மகிழலாம். நானும் அவ்வாறுதான் ஓராண்டு மகிழ்ந்திருந்தேன்.

அவ்வாண்டு மழை தொடங்கியபோது சேட்டன் காலைச் சாய்த்து நடக்கத் தொடங்கினார். புதுச் செருப்பு கடித்தது என்றார். மாதம் ஒன்றாகியும் செருப்பு கடித்தபடியே இருந்தது. பின்னர் அவர் படகுத்துறைக்குப் போவது நின்றது. ஒரு சனிக்கிழமை முற்பகல், முதல்நாள் மாலையில் கோமதி கொடுத்தனுப்பியிருந்த அதிரசத்தோடு, தூக்கு அப்படியே திரும்பி வந்தது. கொண்டுவந்த சேச்சி உள்ளே வரவில்லை.

“கோமதீ, தேஷ்யப்படருது. இது எனிக்கு வேண்டா.”

கோபப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகு கோபம் வராமல் இருப்பது அரிது. கோமதியின் முகம் மாறியது.

“என்ன சேச்சி, எண்ணெ சிக்கு அடிக்கா? போன வாரம் வாங்கின எண்ணெதானே.”

“எண்ணெயல்ல. சேட்டனு ஷுகராணு. மூணு கொல்லமாயி. காலிலெ முறிவு உணங்குன்னில்ல. விரல் எடுக்கணும்னு டாக்டர் பறஞ்ஞு. கால் நிக்குமோன்னு பின்னெ நோக்காம்னு.”

மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆறாத புண். விரலோடு நிற்குமா, காலும் போகுமா என்று பிறகுதான் தெரியும். கப்பல் பலகையில் ஏறியிறங்கிப் பிழைக்கும் ஒருவருக்குக் கால் போனால் வேலையும் போகும். கோமதி தூக்கைக் கீழே வைத்தாள்.

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லப்பிடாதா சேச்சி? என் கையாலயே ஒரு வருசம் குடுத்தேனே.”

“ஸ்நேகத்தோடெ தரும்போள் எங்ஙனெயா வேண்டான்னு பறயுக? ஞான் ஒளிச்சு வைக்கும். அதியான் கண்டுபிடிச்சுத் தின்னும்.”

அன்போடு கொடுப்பதை வேண்டாமென்று எப்படிச் சொல்வது என்பதே அவர் கேள்வி. சேச்சி ஒளித்துவைத்தார், சேட்டன் கண்டுபிடித்துத் தின்றார். எங்கள் கேசரிதான் காரணம் என்று மருத்துவர் கூறவில்லை. கேசரியைப் பற்றி அவரிடம் யாரும் கூறவுமில்லை.

அறுவை முடிந்து நினைவு தெளிந்த ராகவன் சேட்டனை மருத்துவமனையில் பார்க்கப் போனோம். சிறுவிரல் போயிருந்தது. கால் தங்குமா என்பதற்கு இரண்டு வாரம் பொறுக்கவேண்டும் என்றனர். கோமதி கட்டிலருகே போய் நின்றாள். முதலில் பேசியவர் சேட்டனே.

“கப்பலில் கேறான் ஒம்பது விரல் போரே, சாரே?” கப்பலேற ஒன்பது விரல் போதாதா என்று என்னிடம் கேட்டுவிட்டு, சொல்லாமலிருக்க முடியாதென்று கோமதியிடம் குரலைத் தாழ்த்தினார். “ஆ அதிரசம், பறயாதிரிக்கான் வய்ய. நல்ல நெய்யாயிருந்நு.”

கோமதி வெளியே போய்விட்டாள்.

இரண்டு வாரமும் சேச்சிக்குச் சமைக்க நேரமில்லை. கோமதி அவரிடம் கேட்டுக் கற்றுக் கஞ்சியும் பயறும் சமைத்து இரு வீட்டுக்கும் வைத்தாள். எதையும் வைக்குமுன், “இது அவுகளுக்கு ஆகுமா?” என்று கேட்டாள். ஓராண்டுக்கு முன் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. ஒருவருக்கு நன்மை செய்யுமுன் அவரை விசாரிப்பது சிறிது அவமதிப்பு என்றே நாங்கள் இருவரும் வளர்க்கப்பட்டிருந்தோம். பதினைந்தாம் நாள் மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, கால் தங்கும் என்றார். சேட்டன் மூன்று மாதத்தில் மீண்டும் படகேறினார்.

மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பிய வாரமே செவ்வாய்க்கிழமைக் கஞ்சியும் திரும்பியது. கோமதியின் இடர் அப்போதுதான் தொடங்கிற்று. இனிப்புக் கூடாது, வெறுமையாகவும் கூடாது. முதல்முறை பாகற்காய் வதக்கி வைத்தாள். சுவருக்கு அப்பாலிருந்து சேட்டனின் குரல் வந்தது: “சாரே, கோமதிக்கு என்னோடு எந்தா விரோதம்?” அடுத்தமுறை வெந்தயக்கீரை. அதற்கடுத்து வேப்பம்பூ. இறுதியில் சேச்சியே வந்து, இனி ஒன்றும் வைக்கக்கூடாது, பாத்திரத்தைக் கழுவித் தந்தால் போதும், அதுவே தனக்கு ஆறுதல் என்று கையைப் பிடித்துச் சொல்லிப் போனார். கோமதி அன்று பாத்திரத்தை மூன்றுமுறை கழுவினாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, பொய் சொல்லிவிட்டவளைப் போல என் முகத்தைப் பாராமல் அடுப்படிக்குப் போனாள். பின்னர் பழகிற்று. இன்று அவள் வெறும் தூக்கை வீசிக்கொண்டு போய்வருகிறாள்.

சென்ற கோடையில் ஊருக்குப் போனோம். வழிக்கென்று சேச்சி கட்டிக்கொடுத்த சோறு அந்தத் தூக்கிலேயே இருந்தது. திரும்புகிற நாளில் கோமதியின் தங்கை செல்லம்மாள் அதைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

“வெறும் பாத்திரமாவா கொண்டுபோற? மலையாளத்துக்குப் போயி உனக்குப் புத்தி மழுங்கிட்டா? பாக்கவ என்ன நெனைப்பா?”

“அவுக வீட்ல சக்கரை ஆகாதுடி.”

“ஆகாட்டா வேற யாருக்காச்சும் குடுக்கட்டும். என் வீட்டு வாசலத் தாண்டி வெறுமையாப் போகாது.”

அதிரசம் மூடிவரை நிறைந்தது. தங்கைக்கு முன், நிறைந்த தூக்கை மறுக்காமல் வாங்கிக்கொள்ளக் கோமதியின் கைக்கு இன்னும் தெரிந்திருந்தது. தென்காசியில் கொல்லம் வண்டியேறி, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். செங்கோட்டையில் மூடியைத் திறந்தாள். எதிரில் இருந்த மரவியாபாரிக்கு இரண்டு, அவர் மனைவிக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

“உங்களுக்குச் சக்கரை ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கேட்டுக் கொடுத்தாள். கேள்வி விளங்காத ஒருவர், தமக்குச் சொந்தமாகச் சர்க்கரை இல்லை என்றும், இருந்தால் தருவதாகவும் கூறினார். பகவதிபுரம் கடந்து, வண்டி மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்தபோது, பாத்திரம் பாதி காலியாகியிருந்தது.