என் அண்ணன் கடையைக் கர்த்தர் பூட்டிய காலை

என் மகள் எஸ்தர் மூச்சுவிட முடியாமல் கிடந்தாள். கர்த்தர் அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சபையில் சாட்சி சொல்லும்போது கண்ணீர் வரும், குரல் தழுதழுக்கும். எனக்கு அன்றைக்கு நடந்ததை நினைத்தால் குமட்டிக்கொண்டுதான் வருகிறது. அதை மறைத்துவிட்டு இனிக்க இனிக்கச் சொன்னால் அது பாதிச் சாட்சி. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது புவனகிரி, வாழ்க்கைப்பட்டது குடிகாடு. என் வீட்டுக்காரர் சிப்காட் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். எங்கள் பக்கம் காற்று திரும்பினால் வீட்டுக்குள் ஒரு வாடை வரும். அதனால் பிள்ளைகள் இருமினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கம்பெனி காத்து" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

என் கூடப்பிறந்த அண்ணன் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மெடிக்கல் வைத்திருக்கிறார். படித்தது பி.காம். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சர்டிபிகேட் வேறொருவருடையது. அந்த மனிதரை நான் கடையில் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் அண்ணனுக்கு "டாக்டர்" என்றுதான் பேர். எஸ்தருக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் அவர் மடியில்தான் நடந்தது. தாய்மாமன் மருந்துக் கடை வைத்திருக்கும்போது பிள்ளையை வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், பிறந்த வீட்டை நடுத்தெருவில் நிறுத்தியதாகப் பேசுவார்கள். ஆகவே மருந்தும் அவர் கையால்தான்.

அவர் கொடுப்பதற்கு "செட்டு" என்று பேர். அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து ஒரு சின்னக் காகிதக் கவரில் போடுவார். வெட்டுகிற வெட்டில் மருந்தின் பேர் போய்விடும். பெரியவர்களுக்கு முழுசு, குழந்தைக்குப் பாதியை நுணுக்கித் தேனில் குழைத்து. கூடவே சிவப்பாக ஒரு இருமல் மருந்து. கொடுப்பதற்கு முன் கவரை நெற்றியில் வைத்து, "ஏசப்பா, தொட்டுச் சொகமாக்குங்க" என்று கண்ணை மூடுவார். எனக்கு அப்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும். இப்போது நினைத்தால் அந்தக் கவரைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றுகிறது.

போன தீபாவளி கழிந்த வாரம். மழை விடாமல் பிடித்திருந்தது. எஸ்தருக்கு இருமல், கூடவே காய்ச்சல். அண்ணனிடம் போனேன். நெஞ்சில் காதை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"சாதாரண சளிதாம்மா. டாக்டர்கிட்ட போனா அந்த டெஸ்ட்டு, இந்த டெஸ்ட்டுன்னு அலைய விடுவாங்க. இந்த செட்டக் குடு."

கொடுத்தேன். பிள்ளை தூங்கினாள். எழுந்தாள், மருந்து கொடுத்தேன், மறுபடியும் தூங்கினாள். சாப்பாடு வேண்டாம், விளையாட்டு வேண்டாம். அண்ணனிடம் போனில் சொன்னேன். "தூங்குதுல்ல? அப்ப மருந்து கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"எனக்கென்னமோ சரியாப் படல. பெரியாஸ்பத்திரிக்கே போயிடலாமா?"

"அண்ணன் கோச்சுக்கும்" என்றேன்.

அன்று மாலை முழங்கால் போட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, அண்ணன் குடுத்த மருந்துல உம்ம வல்லமைய வையும்." எவ்வளவு உருக்கமாக ஜெபித்தேன் தெரியுமா! அந்த ஜெபத்தைக் கர்த்தர் அப்படியே கேட்டிருந்தால் இன்று எனக்கு மகள் இல்லை.

விடிந்ததும் பால் கொடுத்தேன், விழுங்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு இடையில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓ.டி.க்கு ஓடினேன். அப்போதும் அண்ணன் கடைக்குத்தான் ஓடினேன்.

கடையின் ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனை முடிந்ததும் ஓடிவந்து திறக்கிறவர். பக்கத்து டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"உனக்குத் தெரியாதாம்மா? அவரு பையனுக்கு நேத்துலேருந்து இருமல் ஜாஸ்தியாம். காலைலயே கார் வச்சிப் பாண்டிச்சேரி கொழந்தை டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயிட்டாரே."

அதே இருமல். அதே மழை. தன் பிள்ளைக்குக் கார், குழந்தை டாக்டர், பாண்டிச்சேரி. என் பிள்ளைக்குப் பேர் வெட்டின மாத்திரை. அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாய் முழுக்கக் கசந்தது. துப்பியும்விட்டேன். கடை வாசலில்தான். அடுத்த நிமிடம் எனக்குப் புரிந்தது: நான் கேட்டதற்குக் கர்த்தர் பதில் சொல்லிவிட்டார். இந்த மருந்து வேண்டாம் என்று சொல்லித்தான் கடையைப் பூட்டி வைத்திருக்கிறார். கடை திறந்திருந்தால் இன்னொரு செட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

அதே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பார்த்ததும் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆம்புலன்சில் ஏற்றிச் சிதம்பரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, "நிமோனியா. இது தூக்கமில்ல, மருந்து மயக்கம். என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். கையிலிருந்த கவரைக் கொடுத்தேன். துண்டு துண்டாக வெட்டின அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் பேர் இல்லை. "குடுத்தவருக்குப் போன் போடுங்க" என்றார். போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"சளி செட்டுதான் மேடம்."

"செட்டுன்னா என்ன?"

அந்தப் பக்கம் நிறைய குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ் டோக்கன் கூப்பிடுவதும் கேட்டது. "வழக்கமா குடுக்குறதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார். என் பிள்ளையின் உடம்பில் என்ன போயிருக்கிறது என்று தெரியாமலேயே அவர்கள் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

வார்டு வாசலில் உட்கார்ந்து ஜெபித்தேன். வசனம் எதுவும் வாயில் வரவில்லை. "யார் மேலயும் எனக்கு நம்பிக்கை இல்ல. நீர் மட்டும்தான் இருக்கீர். என் புள்ளையக் குடுத்துடும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேலை முடிந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தர் அவளைக் கொடுத்தார். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டில் குழந்தையின் இட்லியைக் காட்டி, "எனக்கு?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் அண்ணன் வந்தார். ஆப்பிளும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா நானே மருந்த மாத்திக் குடுத்திருப்பேம்மா" என்றார்.

"உன் புள்ளைக்கு ஏண்ணா மாத்திக் குடுக்கல?"

தலையைக் குனிந்துகொண்டார். மெதுவாகச் சொன்னார்: "என் புள்ளன்ன உடனே பயம் வந்துடுச்சிம்மா."

அவர் பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது எங்கள் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஜெபிக்கிறோம். அப்புறம் நானே கூடப் போய் டாக்டரிடம் உட்காரவைத்துவிட்டு வருகிறேன். "சாட்சியில அண்ணனப் பத்தி வேணாமே, குடும்ப விஷயம்" என்று ஒரு சகோதரி சொன்னார். உங்கள் தெருவிலும் ஒரு கடை இருக்கும், அதிலும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். அதனால்தான் சொல்கிறேன். கர்த்தரை முழுசாக நம்புங்கள். அவர் கேட்கிறவர். நீங்கள் தப்பாகக் கேட்டாலும் சரியாகத் தருகிறவர். ஜெபித்துவிட்டு எழுந்து, படித்த டாக்டரிடம் பிள்ளையைக் காட்டுங்கள். கர்த்தர் உங்களையும் கைவிடமாட்டார்.

அண்ணனை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். வாயால் சொல்லிவிட்டேன். பெற்ற வயிறு இன்னும் சொல்லவில்லை. அதற்காக மட்டும் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.